ஓய்வுக்காலத்தில் வேலையும் பொழுதும்: விஸ்வநத்தம், சிவகாசி வட்டாரத்தை முன்வைத்து

விஸ்வநத்தத்தில் ஒருவர் எந்த நாளில் ஓய்வு பெற்றார் என்று கேட்டால் தேதியோடு பதில் கிடைப்பது அரிது. சிவகாசியை ஒட்டிய இந்த ஊரிலும், சுற்றியுள்ள பட்டாசு, தீப்பெட்டி ஊர்களிலும் வேலையை விட்டு நிற்பது நாள் குறித்து நடப்பதில்லை. கண் மங்கித் திரி சரியாகத் தெரியவில்லை என்று ஒருவர் நிற்கிறார். முட்டி மடங்கவில்லை, தரையில் உட்கார முடியவில்லை என்று இன்னொருவர் நிற்கிறார். மகளின் பிரசவத்துக்குப் போன பெண் பேரப்பிள்ளையோடு அங்கேயே தங்கிவிடுகிறார். தீபாவளி அடைப்பு முடிந்து ஆலை திறக்கும் நாளில் சிலர் வேனில் ஏறாமலே இருந்துவிடுகிறார்கள். சால்வை போர்த்தி, வாழ்த்துமடல் வாசித்து, வீடுவரை கொண்டுவந்து விடும் வழக்கம் ஆசிரியர்களுக்கும் அரசு ஊழியர்களுக்கும் வங்கிக்காரர்களுக்கும் உண்டு. பயர் ஆபீஸ், தீப்பெட்டி ஆபீஸ் என்று இங்கே சொல்லப்படும் ஆலைகளில் முப்பது, நாற்பது ஆண்டு உழைத்தவர்களில் பெரும்பாலோருக்கு அது வாய்ப்பதில்லை.

ஓய்வுக்குப் பிறகு எவ்வளவு நேரத்தை வேலையில் செலவிடுவது, எவ்வளவைச் சும்மா விடுவது என்ற கேள்வி பொதுவாகப் பென்ஷன் வாங்குவோரை வைத்தே எழுதப்பட்டு வந்திருக்கிறது. நடைப்பயிற்சி, யோகா, தோட்டம், யாத்திரை, வாசிப்பு என்று அறிவுரைகள் நீளும். அவை தவறானவை அல்ல. ஆனால் வாரச் சம்பளத்தில் வாழ்ந்து, எண்ணிக்கைக் கூலியில் கை ஓட்டிப் பழகிய ஒருவருக்குப் பொழுது என்பது வேறு பொருள். அந்தப் பொழுது எப்படி உருவானது என்று பார்க்காமல் இந்தக் கேள்விக்கு இந்த வட்டாரத்தில் பயனுள்ள விடை காண முடியாது.

இந்த வட்டாரத்தின் பொழுது

கரிசல் மண்ணும், ஆண்டுக்கு 800 மில்லிமீட்டரை ஒட்டிய மழையும், நீண்ட வெயில் காலமும்தான் இங்கே தொழிலின் அடிப்படை. சிவகாசியைச் சேர்ந்த பி. அய்யநாடாரும் ஏ. சண்முகநாடாரும் 1922இல் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்றுத் திரும்பினார்கள். 1923இல் ஊரில் தீப்பெட்டி உற்பத்தி தொடங்கியது. 1940இல் வெடிபொருள் விதிகள் வந்தபின் உரிமத்தோடு பட்டாசு ஆலைகள் வளர்ந்தன. தீப்பெட்டிக்கு லேபிள் அடிக்கப் பிறந்த அச்சுத் தொழில் பின்னர் நாட்காட்டி, டைரி, பாடநோட்டு என்று விரிந்தது. மழையை நம்பிய விவசாயம் கைவிட்ட குடும்பங்களை இந்த மூன்று தொழில்களும் தாங்கிப் பிடித்தன.

பட்டாசுக்கும் அச்சுக்கும் தனித்தனிப் பருவம் உண்டு. பட்டாசின் ஆண்டு தீபாவளியில் முடிகிறது. ஆடிப்பெருக்கு அன்று புதிய நாட்காட்டி ஆல்பங்கள் வெளியாக, மார்கழி வரை அச்சகங்களில் ஓட்டம்தான். பட்டாசு ஆலையில் ஒருநாள் என்பது விடியலில் வேன் வரும் நேரத்தில் தொடங்குகிறது. வெயில் ஏறினால் மருந்து கலக்கும் வேலை ஆபத்து. அதனால் அது காலையிலேயே முடிய வேண்டும். குழாய் உருட்டுவது, மருந்து செலுத்துவது, திரி வைப்பது, சரம் பின்னுவது, பெட்டி போடுவது என ஒவ்வொன்றுக்கும் எண்ணிக்கைக்கு இவ்வளவு என்று கூலி. கை நின்றால் காசு நின்றது. மேகம் கூடினால் காயப்போட்டது ஈரம் பிடிக்கும். மழை வந்தால் வேலையே கிடையாது. இப்படி வெயிலும் எண்ணிக்கையும் வேனும் சேர்ந்து ஒருவருடைய பொழுதை நாற்பது ஆண்டு நடத்தியபின், திடீரென்று அவற்றில் ஒன்றும் இல்லாமல் போவதுதான் இங்கே ஓய்வு.

இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இன்று அறுபதைத் தொடும் தலைமுறை 1960களில் பிறந்தது. தீப்பெட்டி ஆபீசுகளில் சிறுவர் உழைப்பு பரவியிருந்த காலம் அது. எம்.சி. மேத்தா தொடர்ந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் சிவகாசிச் சிறுவர் உழைப்பைக் கண்டித்து 1996 டிசம்பரில் தீர்ப்பளித்தபோது இவர்கள் முப்பதைக் கடந்துவிட்டார்கள். எட்டு, பத்து வயதில் கட்டை அடுக்கத் தொடங்கியவர்களுக்கு விளையாட்டுப் பருவமே கிடைத்ததில்லை. ஒரு வேலையும் இல்லாத பொழுதை எப்படிக் கழிப்பது என்று அவர்கள் கற்றுக்கொள்ளும் வாய்ப்பு அறுபது வயதில்தான் முதன்முறையாக வருகிறது. அவர்களைப் பார்த்துப் பொழுதுபோக்கு ஒன்றைப் பழகிக்கொள்ளுங்கள் என்று சொல்வது அவர்கள் இழந்ததை மறந்து பேசுவதாகும்.

இரண்டு விடுமுறைகள்

ஓய்வுக்காலத்தின் இயல்பைப் புரிந்துகொள்ள இந்த வட்டாரத்துக்குச் சொந்த அனுபவமே இரண்டு பாடங்களைத் தந்திருக்கிறது.

முதலாவது, தீபாவளிக்குப் பிந்திய அடைப்பு. தீபாவளி முடிந்ததும் ஆலைகள் சில வாரங்கள் மூடப்படும். கூலி கிடையாது, ஆனாலும் அது மகிழ்ச்சியான காலம். போனஸ் பணம் கையில் இருக்கும். தெருவில் எல்லா வீட்டிலும் ஆள் இருக்கும். பழனி, திருச்செந்தூர் என்று வேன் பிடித்துப் போவார்கள். காதுகுத்தும் கல்யாணப் பேச்சும் அந்த நாட்களில் நடக்கும். நல்ல நாள் பார்த்துப் பூஜை போட்டு ஆலை திறக்கும் என்பதும் எல்லோருக்கும் தெரியும்.

இரண்டாவது, 2018இல் வந்தது. அந்த ஆண்டு அக்டோபர் 23 அன்று உச்ச நீதிமன்றம் பேரியம் உப்புகளையும் சரவெடியையும் தடைசெய்து, மாசு குறைந்த பட்டாசுகளை மட்டும் அனுமதித்தது. நவம்பர் 6 தீபாவளி. அதன்பின் வழக்கமான விடுமுறை முடிந்தும் ஆலைகள் திறக்கவில்லை. அடைப்பு மாதக்கணக்கில் நீண்டது. அதே வீடு, அதே தெரு, அதே ஓய்வு நேரம். ஆனால் வட்டிக்கு வாங்கிய காசு, நகைக்கடன், எப்போது திறப்பார்கள் என்ற கவலை ஆகியவற்றுக்கிடையே அந்த நேரம் ஒருவருக்கும் ஓய்வாகத் தெரியவில்லை. சரம் பின்னுவதில் கைதேர்ந்த, ஐம்பதைக் கடந்த பெண்கள் பலருக்கு அந்தத் தீர்ப்பே ஓய்வு ஆணையாகவும் ஆயிற்று. அவர்களுடைய கைத்திறனுக்கு உரிய பண்டம் சட்டப்படி இல்லாமல் போனது.

முதலாவது இனித்ததற்கும் இரண்டாவது கசந்ததற்கும் காரணம் நேரத்தின் அளவு மட்டும் இல்லை. கையில் காசு, கூட ஆள், திரும்பும் நாள் ஆகிய மூன்றும் முதலாவதில் இருந்தன; இரண்டாவதில் முதலும் கடைசியும் இல்லை. பணி ஓய்வில் திரும்பும் நாள் என்பதே கிடையாது. அதனால் காசும் ஆளும் இரட்டிப்பாக முக்கியமாகின்றன. திரும்பும் நாளுக்குப் பதில் சின்னச் சின்ன நாட்களை அவரவர் வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

1930களின் தொடக்கத்தில் ஆஸ்திரியாவில் நடந்த ஓர் ஆய்வு இதே முடிவைக் காட்டுகிறது. வியன்னாவுக்கு அருகே மரியென்தால் என்ற ஊரின் நூற்பாலை மூடப்பட்டபின் மாரி யஹோடா, பால் லாசர்ஸ்ஃபெல்ட், ஹான்ஸ் சைசல் ஆகியோர் அங்கே மக்களின் பொழுதை ஆராய்ந்து 1933இல் நூலாக வெளியிட்டனர். வேலை போய் நேரம் பெருகியபோது ஊர் நூலகத்தில் நூல் எடுப்போர் கூடுவார்கள் என்றுதான் எவரும் நினைப்பார்கள். எடுத்த நூல்களின் எண்ணிக்கையோ ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது. ஆண்கள் தெருவில் நடக்கும் வேகமே தளர்ந்தது. நாளில் என்ன செய்தோம் என்று சொல்லக்கூட அவர்களால் முடியவில்லை. வீட்டுவேலை தொடர்ந்ததால் பெண்களின் நடை அவ்வளவு தளரவில்லை. வேலை கூலியை மட்டும் தருவதில்லை. நாளுக்கு ஒழுங்கு, வீட்டுக்கு வெளியே பழக்கம், கூட்டாகச் செய்யும் நோக்கம், ஒரு பெயர், கைக்கு இயக்கம் ஆகியவற்றையும் தருகிறது என்று யஹோடா பின்னாளில் வகுத்துச் சொன்னார். பட்டாசு ஆலையின் அறை வாசலில் பழகிய நான்கு பேரின் பேச்சு, மதிய நேரத்தில் பகிர்ந்துண்ணும் தூக்குவாளி, போர்மேன் வாயால் கேட்கும் ஒரு நல்ல சொல் எல்லாம் அந்தக் கணக்கில் சேரும்.

முதுமையியல் சொன்னவை

ஓய்வில் எவ்வளவு வேலை, எவ்வளவு சும்மா என்பதில் முதுமையியலாளர்கள் அறுபது ஆண்டாக ஒரே கருத்தில் இல்லை. 1961இல் எலேன் கமிங்கும் வில்லியம் ஹென்றியும், வயதானவர் உலகத்திலிருந்து மெல்ல விலகுவதும் உலகம் அவரிடமிருந்து விலகுவதும் இயற்கை என்றார்கள். ராபர்ட் ஹேவிகர்ஸ்ட் அதை மறுத்து, இயங்கிக்கொண்டே இருப்பவரே நிறைவாக இருக்கிறார் என்றார். ராபர்ட் ஆட்ச்லி இரண்டுக்கும் இடையே நின்று, மனிதர் தாம் முன்பு எப்படி இருந்தாரோ அதன் தொடர்ச்சியையே முதுமையிலும் தேடுகிறார் என்றார். ஓய்வுக்காலம் பல கட்டமாக நகர்வதையும் அவர் விளக்கினார்: முதலில் விடுதலைக் களிப்பு, பிறகு சலிப்பு, பிறகு தன்னைத் திருத்தி அமைத்துக்கொள்வது, கடைசியில் ஒரு நிலைப்பு. 1986இல் டேவிட் எக்கர்ட் வேறொன்றைச் சுட்டினார். ஓய்வு பெற்றவர்கள் தாங்கள் எவ்வளவு மும்முரமாக இருக்கிறோம் என்று வலிந்து சொல்லிக்கொள்வது, உழைக்காதவர் மதிப்பற்றவர் என்ற பழைய எண்ணத்துக்கு அவர்கள் செலுத்தும் கப்பம் என்பது அவர் கருத்து.

இவற்றில் சிவகாசி வட்டாரத்துக்கு ஆட்ச்லியின் கருத்தே நெருக்கமாகப் பொருந்துகிறது. எக்கர்ட்டின் எச்சரிக்கையும் இங்கே கேட்கத்தக்கது. உழைப்பாளி ஊர் என்ற பெருமையில் வாழும் வட்டாரத்தில், மத்தியானம் திண்ணையில் படுத்திருக்கும் எழுபது வயதுக்காரர் தாம் ஏதோ குற்றம் செய்வதுபோல் கூசுவதைக் காண முடிகிறது. அந்தக் கூச்சத்துக்குக் காரணமே இல்லை.

நேரத்தின் அளவைப் பற்றியும் ஓர் ஆய்வு உண்டு. மரிசா ஷரீப், காசி மொகில்னர், ஹால் ஹெர்ஷ்ஃபீல்ட் ஆகியோர் அமெரிக்கத் தரவுகளைக் கொண்டு 2021இல் வெளியிட்ட ஆய்வில், நாளில் இரண்டு மணி நேரத்துக்கும் குறைவாக ஓய்வு கிடைப்பவர்களுக்கு நிறைவு குறைவு என்றும், ஐந்து மணி நேரத்தைத் தாண்டினால் நிறைவு மறுபடி இறங்குகிறது என்றும் தெரிந்தது. ஆனால் அந்த மிகுதி நேரம் பிறரோடோ, பயனுள்ள ஒன்றிலோ கழிந்தால் இறக்கம் காணப்படவில்லை. அமெரிக்கக் கணக்கை அப்படியே கரிசல் ஊரில் பொருத்திவிட முடியாது. இருந்தாலும் காலை எட்டு மணியிலிருந்து இரவு எட்டு மணிவரை தொலைக்காட்சி முன் தனியே உட்கார்ந்திருப்பவருக்கும், அதே நேரத்தில் பாதியைக் கோயில் வாசலில் நாலு பேரோடு கழிப்பவருக்கும் உள்ள வேறுபாட்டை அது சரியாகவே சொல்கிறது.

தமிழ் மரபுக்கும் இதில் ஒரு பார்வை இருக்கிறது. தொல்காப்பியத்தின் கற்பியல், இல்லற இன்பம் நிறைந்து முடிந்த கடைக்காலத்தில் தலைவனும் தலைவியும் மக்களோடும் அறம் செய்யும் சுற்றத்தோடும் சேர்ந்திருந்து, சிறந்தவற்றைப் பழகிவருவதே வாழ்ந்த வாழ்க்கையின் பயன் என்கிறது. காட்டுக்குப் போகச் சொல்லும் வானப்பிரஸ்த நெறியிலிருந்து இது விலகி நிற்கிறது. துணை, சுற்றம், பழகுதற்கு ஒன்று ஆகிய மூன்றும் அதில் ஒருங்கே வருகின்றன.

காசு என்ற அடித்தளம்

பொழுதைப் பற்றிய எந்தப் பேச்சும் வருமானத்தில் தொடங்க வேண்டும். உலகில் அரசு நடத்திய முதல் முதுமை ஓய்வூதியங்களில் ஒன்று ஜெர்மனியில் பிஸ்மார்க் காலத்தில் 1889இல் வந்தது. அப்போது வயது வரம்பு 70. தமிழக அரசு ஊழியரின் ஓய்வு வயது 2020இல் 59 ஆகவும் 2021இல் 60 ஆகவும் உயர்ந்தது. 2003 ஏப்ரலுக்கு முன் பணியில் சேர்ந்தவர்களுக்குப் பழைய ஓய்வூதியம் உண்டு. அவர்களுக்கு உண்மையிலேயே நேரத்தைப் பகிர்ந்துகொள்ளும் சுதந்திரம் இருக்கிறது.

பி.எஃப். பிடித்தம் உள்ள பட்டாசு, தீப்பெட்டி, அச்சகத் தொழிலாளர்களுக்கு 1995 நவம்பர் 16 முதல் நடைமுறையிலுள்ள தொழிலாளர் ஓய்வூதியத் திட்டம் பொருந்தும். பத்தாண்டு பிடித்தம் இருந்தால் 58 வயதில் பென்ஷன். கணக்கு எளியது: ஓய்வூதியத்துக்கு உரிய சராசரிச் சம்பளத்தைப் பணி ஆண்டுகளால் பெருக்கி 70ஆல் வகுக்க வேண்டும். சராசரி 9,000 ரூபாயும் 15 ஆண்டும் என்றால் மாதம் 1,929 ரூபாய் அளவில் வரும். 2014 முதல் குறைந்தபட்சம் 1,000 ரூபாய். 50 வயதுக்குமேல் முன்கூட்டியே வாங்கினால் ஆண்டுக்கு 4 விழுக்காடு வீதம் குறையும். ஓர் ஆலையை விட்டு இன்னொன்றுக்கு மாறும்போது பழைய கணக்கை மூடிப் பணத்தை எடுத்துக்கொள்ளும் பழக்கம் இங்கே பரவலாக இருந்தது. மகளின் கல்யாணம், வீட்டுக்கு மேற்கூரை, கடன் அடைப்பு என்று ஒவ்வொரு முறையும் நியாயமான தேவைதான். ஆனால் அதனால் பத்தாண்டுத் தொடர்ச்சி அறுந்து, பென்ஷனே இல்லாமல் போனவர்கள் பலர்.

பிடித்தமே இல்லாதவர்களின் நிலை இன்னும் மெலிவு. ஆதரவற்றோருக்கான முதியோர் உதவித்தொகை தமிழகத்தில் 2023 ஆகஸ்ட் முதல் மாதம் 1,200 ரூபாய். அதில் 80 வயதுக்குட்பட்டவருக்கு ஒன்றிய அரசின் பங்கு 200 ரூபாய்தான். ரேஷன் அரிசி விலையில்லாமல் கிடைப்பதால் பசி தள்ளிப்போகிறது. மருந்து, மொய், பேரப்பிள்ளைக்கு வாங்கிப்போகும் பலகாரம் ஆகியவற்றுக்கு அது காணாது. இந்தியாவில் 60 வயதைக் கடந்தவர்களில் மூன்றில் ஒருவருக்கும் சற்று அதிகமானோர் வேலை செய்துகொண்டிருப்பதாக 2017-18இல் நடந்த தேசிய முதுமை ஆய்வு கண்டது. அவர்களில் பலர் வேலை செய்வது பொழுது போக்க அல்ல. இவர்களிடம் சமநிலை பற்றிப் பேசுவதற்குமுன் உதவித்தொகையை உயர்த்துவதே செய்யத்தக்க காரியம்.

கைவேலை: எது தகும், எது தகாது

உழைத்துப் பழகிய கை சும்மா இருக்க விரும்பாது. சிறிது காசும் வேண்டும். ஆகவே ஓய்வுக்குப் பின்னும் இங்கே பெரும்பாலோர் ஏதாவது செய்கிறார்கள். ஆடு வளர்ப்பது அவற்றில் பழையது. நாலைந்து வெள்ளாட்டைக் காலையில் ஓட்டிப்போய் வெயிலுக்கு முன் திரும்பலாம். நடையும் ஆகிறது, அவசரத்துக்கு விற்கலாம், நாளுக்கு ஒரு கட்டாயமும் கிடைக்கிறது. பிள்ளையின் பெட்டிக்கடையில் உட்காருவது, அச்சகங்களிலிருந்து வரும் தாள் மடிப்பு, கவர் ஒட்டுதல், ஆலை வாயிலில் காவல் போன்றவையும் உண்டு. 2005ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்த நூறு நாள் வேலையில் கண்மாய்க் கரையில் கூடியவர்களில் முதியவர்கள் மிகுதி. அங்கே கூலியோடு கூட்டாளிகளும் கிடைத்தார்கள் என்பதை வேலையின் அளவை மட்டும் பார்த்துக் குறை சொன்னவர்கள் கணக்கில் எடுக்கவில்லை.

தகாதது எது என்பதைத் தயக்கமின்றிச் சொல்ல வேண்டும். ஆலையை விட்டு நின்றவர்களிடம் கருந்திரியையும் சிறு பட்டாசுகளையும் வீட்டிலேயே செய்யக் கொடுக்கும் வழக்கம் வெம்பக்கோட்டை, தாயில்பட்டி, விஜயகரிசல்குளம் பக்கமெல்லாம் இருக்கிறது. இது சட்டவிரோதம். உரிமம் பெற்ற ஆலையில் அறைக்கு இத்தனை பேர், அறைக்கும் அறைக்கும் இவ்வளவு தூரம் என்ற கட்டுப்பாடுகள் இருந்தும் 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் நாற்பதை ஒட்டிய உயிர்கள் போயின. வீட்டில் அந்தக் கட்டுப்பாடுகூட இல்லை. அடுப்பும் பிள்ளைகளும் அதே கூரையின்கீழ். நாற்பது ஆண்டு மருந்தோடு பழகியவர் தம் அனுபவத்தை நம்பி இதில் இறங்குகிறார். ஆனால் நடுங்கும் கையும் மங்கிய கண்ணும் அந்த அனுபவத்துக்குத் துணை நிற்பதில்லை. கொடுப்பவர் மீதுதான் முதல் குற்றம்.

ஓய்வு பெற்றவரின் திறனைக் கௌரவமாகப் பயன்படுத்த ஜப்பானில் ஒரு வழி கண்டிருக்கிறார்கள். 1970களின் நடுவில் டோக்கியோவில் தொடங்கி, 1986ஆம் ஆண்டுச் சட்டத்தால் நாடெங்கும் பரவிய முதியோர் வேலை மையங்களில் 60 வயதைக் கடந்தவர்கள் உறுப்பினராகிறார்கள். பூங்காப் பராமரிப்பு, சைக்கிள் நிறுத்துமிடம், சிறு பழுதுபார்ப்பு, எழுத்துவேலை போன்றவை பகிர்ந்து தரப்படுகின்றன. மாதம் பத்து நாளை ஒட்டி, வாரம் இருபது மணி நேரத்துக்குள் என்பதே அளவு. ஒருவர் அதிகம் எடுத்துக்கொண்டு இன்னொருவர் இல்லாமல் போகக்கூடாது, வேலை உடம்பைத் தின்னக்கூடாது என்ற இரண்டும் அந்த வரம்பில் அடங்கியுள்ளன. குட்டி ஜப்பான் என்ற பெயரைப் பெருமையோடு சொல்லிக்கொள்ளும் சிவகாசி, உற்பத்தி வேகத்தில் மட்டுமல்லாமல் இதிலும் ஜப்பானைப் பார்க்கலாம். அச்சகங்களின் தாள்வேலைக்கும் பாடநோட்டுப் பருவத்துக்கும் இந்த முறை நன்றாகப் பொருந்தும். தமிழகத்தில் முதியோர் சுயஉதவிக் குழுக்களை ஹெல்ப்ஏஜ் இந்தியா போன்ற அமைப்புகள் ஏற்கெனவே உருவாக்கியிருக்கின்றன. அடித்தளம் இல்லாமல் இல்லை.

பெண்ணுக்கு ஓய்வு வயது

மேலே சொன்னவை பெரும்பாலும் ஆணின் ஓய்வுக்கே பொருந்தும். பட்டாசிலும் தீப்பெட்டியிலும் உழைத்தவர்களில் பெண்களே மிகுதி. 2019இல் நடந்த தேசிய நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, கூலியில்லா வீட்டுவேலையில் ஈடுபடும் பெண்கள் அதில் நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடம் செலவிடுகிறார்கள். ஆண்கள் 97 நிமிடம். ஆலைக்குப் போவது நின்றாலும் அந்த ஐந்து மணி நேரம் நிற்பதில்லை. பெரும்பாலும் கூடுகிறது. மகளோ மருமகளோ அதே வேனில் ஏறி வேலைக்குப் போகப் பேரப்பிள்ளை பாட்டியிடம் வந்து சேர்கிறது. பாட்டி வீட்டில் இருப்பதால்தான் அடுத்த தலைமுறைப் பெண் ஆலைக்குப் போக முடிகிறது என்பது இந்த வட்டாரத் தொழிலின் கணக்கில் எங்கும் எழுதப்படாத வரவு.

பேரப்பிள்ளையோடு இருப்பதில் அவர்களுக்கு மகிழ்ச்சி இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் தண்ணீர் பிடிப்பது, ரேஷன் வரிசை, சமையல், பிள்ளை என்று விடியலிலிருந்து இரவுவரை போனால் அதற்கு ஓய்வுக்காலம் என்று பெயரிடுவது பொருந்தாது. ஆணுக்குச் சமநிலை என்றால் நாளில் இரண்டு மூன்று வேலைகளைச் சேர்த்துக்கொள்வது. பெண்ணுக்கோ இரண்டு மூன்றைக் குறைத்துக்கொள்வது. கணவர் ஓய்வு பெற்று வீட்டில் உட்காரும்போது நாலு வேளை காபியும் சூடான சாப்பாடும் கேட்கத் தொடங்கினால் மனைவியின் பாரம் ஏறுகிறது. அவர் தண்ணீர் பிடித்து, கடைக்குப் போய், பிள்ளையைப் பள்ளியில் விட்டு வந்தால் இருவருக்கும் ஒரே நேரத்தில் தேவையானது கிடைத்துவிடுகிறது. ஓய்வுக்கால நேரப் பங்கீட்டில் இதைவிட எளிய, செலவில்லாத சீர்திருத்தம் வேறில்லை.

2021 மே முதல் நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. வேலைக்குப் போகும் பெண்களுக்காகவே அது பெரிதும் பேசப்பட்டது. யாரிடமும் காசு கேட்காமல் அக்கம்பக்கத்து ஊரிலுள்ள தங்கை வீட்டுக்கோ, சிவகாசி பத்ரகாளியம்மன் கோயிலுக்கோ போய்வர அறுபது வயதுப் பெண்ணுக்குக் கிடைத்த சுதந்திரத்தையும் அதன் பயனில் சேர்க்க வேண்டும்.

உடம்பு

வயதானவர்கள் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலியக்கமும், வாரம் மூன்று நாளாவது உடல் சமநிலைக்கும் வலுவுக்குமான பயிற்சியும் செய்ய வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2020ஆம் ஆண்டு வழிகாட்டுதல். ஆடு மேய்ப்பவருக்கு முதற்பகுதி தானாகவே நிறைவேறுகிறது. இங்கே பெரிய தடை, பல்லாண்டு தரையில் குந்தியதால் தேய்ந்த முட்டியும் இடுப்பும், தூளும் புகையும் சுவாசித்த நெஞ்சும். கோடையில் ஒன்பது மணிக்குமேல் வெளியே நடப்பதும் ஆபத்து. விடியற்காலையும் மாலையும்தான் நடைக்கு உரியவை, நடுப்பகல் படுப்பதற்கு உரியது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் வீட்டு வாசலில் மாத்திரை தருவதோடு இயன்முறைச் சிகிச்சையும் தருகிறது. மாத்திரையை வாங்கிக்கொண்டு பயிற்சியை விட்டுவிடுவோரே அதிகம்; முட்டிக்கு மருந்து அந்தப் பயிற்சியில்தான் இருக்கிறது.

கூடும் இடங்கள்

துணைக்கு ஆள் வேண்டுமென்றால் கூடுவதற்கு இடம் வேண்டும். ஆலை அறையும் வேனும் அதைச் செலவில்லாமல் தந்தன. ஓய்வுக்குப் பின் ஆண்களுக்கு டீக்கடை பெஞ்சும் நாளிதழும், கோயில் மண்டபமும், ஆடுபுலி ஆட்டமும் இருக்கின்றன. 1948இல் சென்னை மாகாணம் இயற்றிய பொது நூலகச் சட்டம் இந்தியாவில் இத்தகையவற்றில் முன்னோடி; அதன் வழிவந்த ஊர்ப்புற நூலகங்கள் இன்று முதியவர்களால்தான் காலையில் உயிர்ப்போடு இருக்கின்றன. பெண்களுக்கு இத்தகைய இடம் குறைவு. வாசல்படியும் தண்ணீர்க் குழாயடியும் கோயிலும்தான். 2025இல் தமிழக அரசு அன்புச்சோலை என்ற பகல்நேர முதியோர் மையங்களைத் தொடங்கியது. முதலில் நகரங்களை நோக்கியே வந்த இந்தத் திட்டம், காலையில் வீடெல்லாம் ஆளில்லாமல் போகும் பட்டாசு ஊர்களுக்கும் வர வேண்டியது.

சின்னச் சின்ன நாட்களை வைத்துக்கொள்வதற்கு ஊர்த் திருவிழாக்கள் பெரிதும் உதவுகின்றன. பங்குனிப் பொங்கல், சித்திரைப் பொங்கல், ஸ்ரீவில்லிபுத்தூர் ஆடிப்பூரத் தேர், இருக்கன்குடியில் ஆடி கடைசி வெள்ளி என்று ஆண்டு முழுவதும் முன்னால் ஒரு நாள் காத்திருக்கிறது. சதுரகிரி மலைப்பாதை எழுபது வயது முட்டிக்கு ஆகாது. அடிவாரம் வரை போய்வருவோரும் உண்டு. வாரத்துக்கும் இப்படி ஒன்று வேண்டும். வாரச் சம்பளம் வாங்கிப் பழகியவருக்குச் சனிக்கிழமை மற்ற நாள்போல் ஆகிவிடுவது சிறு விஷயம் இல்லை. அன்று சந்தைக்குப் போவதையும் பேரப்பிள்ளைக்குக் காராச்சேவு வாங்குவதையும் விடாமல் வைத்திருப்பவர்களின் வாரம் குலைவதில்லை.

புதிதாகத் தொடங்குவோரும் இருக்கிறார்கள். இதே கரிசலில், கோவில்பட்டிக்கு அருகே இடைசெவலில் பிறந்த கி. ராஜநாராயணன் ஏழாம் வகுப்பைத் தாண்டாதவர். அறுபதைக் கடந்தபின் புதுவைப் பல்கலைக்கழகத்தில் நாட்டார் வழக்காற்றியல் தொகுப்புப் பணிக்கு வருகைப் பேராசிரியராக அழைக்கப்பட்டார்; 1991இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றார்; 2021இல் மறையும் வரை எழுதினார். எல்லோரும் அவரைப்போல் ஆக வேண்டியதில்லை. ஆனால் அறுபது வயதில் அவரிடம் இருந்த முதல், ஊர்ச் சனங்களிடம் கேட்டுவைத்த கதைகள்தான் என்பது கவனிக்கத்தக்கது. தீப்பெட்டி லேபிள்களின் வரலாறும், சரம் பின்னும் முறையும், மருந்துக் கலவையில் பழையவர்கள் கண்ட நுணுக்கமும் இந்த முதியவர்களிடமே இருக்கின்றன. எவரும் கேட்டு எழுதாவிட்டால் அவை அவர்களோடு போகும்.

அளவு மாறுதல்

வேலைக்கும் ஓய்வுக்கும் உள்ள விகிதம் ஒருமுறை அமைத்து முடிவதில்லை. வேலையை விட்ட முதல் சில மாதங்கள் தூக்கத்துக்கும் உறவினர் வீடுகளுக்கும் போய்விடும். ஆட்ச்லி சொன்ன சலிப்பு அதன்பின் வரும். கிடைத்த செட்டில்மென்ட் தொகையைப் புதிய தொழிலில் போடவும், பிள்ளை கேட்டான் என்று கொடுத்துவிடவும் அந்தச் சலிப்பிலேதான் கை துணிகிறது. ஓராண்டு வரை பெருந்தொகையைத் தொடாமல், வேலைகளை மட்டும் ஒவ்வொன்றாகச் செய்துபார்த்து வைத்துக்கொள்வதோ விடுவதோ பாதுகாப்பானது. காலையில் ஒரு கடமை, மாலையில் ஒரு கூட்டம், நடுவில் யாருக்கும் பதில் சொல்ல வேண்டாத நேரம் என்ற அமைப்பு இங்குள்ள வெயிலுக்கும் பழக்கத்துக்கும் ஒத்துவருகிறது.

எழுபத்தைந்தைத் தாண்டினால் அளவு மறுபடி மாறும். பால் பால்ட்டஸும் மார்கிரெட் பால்ட்டஸும் 1990இல் விளக்கியபடி, நன்றாக முதிர்பவர்கள் செய்பவற்றின் எண்ணிக்கையைக் குறைத்து, வைத்துக்கொண்டதில் கூடுதல் கவனம் செலுத்தி, இயலாததற்கு மாற்றுவழி தேடுகிறார்கள். பியானோ கலைஞர் ஆர்தர் ரூபின்ஸ்டைன் முதுமையில் குறைவான இசைக்கோவைகளை மட்டும் வாசித்து, அவற்றையே அதிகம் பயின்றார் என்பது அவர்கள் தந்த உதாரணம். ஐந்து ஆடு இரண்டாகும். சந்தைக்குப் போனவர் பேரனை அனுப்பிவைத்துக் கணக்கு மட்டும் கேட்பார். தேருக்குப் போக முடியாதவர் தெருமுனையில் நாற்காலி போட்டு உட்காருவார். துணையை இழந்தவருக்கு இந்தச் சுருக்கம் ஒரே நாளில் வந்துவிடுகிறது. கணவரின் பென்ஷனில் பாதியே மனைவிக்கு வருவதால் காசும் அன்றே சுருங்குகிறது. அந்த முதல் ஆண்டில் அவரைத் தேடி வீட்டுக்கு வருகிறவர்களின் எண்ணிக்கையே அவருடைய மீதிக்காலத்தின் போக்கைப் பெரும்பாலும் தீர்மானிக்கிறது. அதனால் முதியோர் மையமோ, சுயஉதவிக் குழுவோ, பழைய ஆலைக் கூட்டாளிகளோ முதலில் கதவு தட்ட வேண்டியது அந்த வீட்டைத்தான்.